கழற்றிவைத்த கதவுகள்

அப்பா போய்ச் சேர்ந்த பிறகு ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்த காரை மகன் ஒருவழியாகக் கையில் எடுத்தான். நான்கு கதவுகளையும் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, பானெட்டில் பழைய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

அப்போது கார்க்கதவை ஓங்கி அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. கதவுகள் சாய்த்த இடத்திலேயேதான் இருந்தன.

"வந்துட்டாருடா உங்கப்பா," என்று சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "மனுஷனுக்குக் கதவை மெதுவா சாத்தவே வராது."

"கதவே இல்லம்மா. எல்லாத்தையும் கழட்டிட்டேன்."

"துணி மாத்திட்டு வந்துடறேன், இருக்கச் சொல்லு. லேட்டானா கத்துவாரு."

பக்கத்து வீட்டுக் காராக இருக்கும் என்று அவன் மறுபடி சுரண்ட ஆரம்பித்தான்.

சற்று நேரத்தில் இன்னொரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இந்த முறை பூப்போல. அம்மா எப்போதும் அப்படித்தான் சாத்துவாள்.

அடுப்பில் பால் தீயும் வாடை வந்தது. "அம்மா" என்று கத்திக்கொண்டே அவன் சமையலறைக்கு ஓடினான்.