சத்தம் போடாத பூதம்

"சத்தம் போதாதாம் காக்கா."

கோகுலன் தோளில் கொண்டுவந்த உரப்பையைக் கல்முனைக்குடியில் அண்ணன் முறையில் காக்கா என்று அவன் கூப்பிடும் மர்சூக்கின் சின்னக் கடை வாசலில் இறக்கி வைத்தான். பைக்குள் இருந்தது கடல் பூதத்தின் உடம்பு. பால்மா டின்களை வெட்டி, தட்டிப் பதமாக்கி, செதில் செதிலாக மாட்டுத்தோலில் தைத்திருந்தார் மர்சூக். பாண்டிருப்பில் மீன் பிடிக்கிற கோகுலனின் மகள் விதுசா பள்ளிக்கூட நாடகத்தில் பூதமாக ஆடப் போகிறாள்.

"ஆருக்குப் போதாது?"

"பொஞ்சாதிக்குத்தான். குலுக்கிப் பாத்திட்டு, இது காணாது, இன்னும் கலகலக்க வேணும் எண்டு சொல்றா. மற்றது, செதில்ர ஓரம் கையக் கீறுதாம். அராவி விடட்டாம்."

மர்சூக்குக்குச் சுரீரென்று கோபம் வந்தது. பூதத்தின் செதிலை எவர் போய்த் தடவிப் பார்க்கப் போகிறார்கள்? போன கிழமையும் இப்படித்தான். உடம்புக்குப் பச்சையும் ஓரத்துக்குப் பொன்னிறமும் பூசலாம் என்று அவர் ஆசையாகச் சொல்லியனுப்ப, நிறமெல்லாம் வீண்வேலை, சத்தம்தான் வேண்டும் என்று அவள் பதில் அனுப்பியிருந்தாள். ஏன் என்று கேட்டால் கோகுலன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "அது அவட விருப்பம் காக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வான். அந்தப் பெண்ணை மர்சூக் கண்டதில்லை. காணவும் அவருக்கு விருப்பமில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டார்.

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. கடல் ஊருக்குள் வந்த நாளோடு அவருடைய பெரிய கடை போய்விட்டது. அதற்கு முன் தோல் வேலை என்றால் ஊரே மர்சூக்கைத்தான் தேடி வரும். இப்போது அறுந்த செருப்பு வாரும் கிழிந்த புத்தகப் பையும் மட்டுமே வருகின்றன. பிள்ளைகளுக்கு அவர் 'செருப்புக் காக்கா' ஆகிவிட்டார். சண்டை முடிந்தபிறகு பள்ளிக்கூட மைதானத்தில் நடக்கப் போகிற முதல் நாடகம் இது. நாலு ஊர்ச் சனமும் வரும். இழந்த பேரை இந்தப் பூதத்தை வைத்துத்தான் அவர் மீட்க வேண்டும். அது மண்ணெண்ணெய்த் தகரம் உருண்டதுபோலச் சத்தம் போட்டுக்கொண்டு மேடைக்கு வந்தால், மிச்சமிருக்கும் பேரும் கப்பலேறிவிடும்.

நல்ல கைவேலை சத்தம் போடாது என்பது அவருடைய தொழில் வேதம்.

அவர் மனைவி லைலா மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள். "கேட்டவங்க கேட்ட மாதிரிச் செஞ்சி குடுங்களன். அவங்களுக்கு என்ன தேவையோ, ஆருக்குத் தெரியும்?"

"ஒனக்குத் தொழில் தெரியாது. சும்மா இரி" என்றார்.

ஓரங்களை மட்டும் மழுங்க அராவினார். மற்றதெல்லாம் அவர் இஷ்டம்தான். பச்சை பூசினார், பொன்னிறம் பூசினார். ஒவ்வொரு செதிலுக்கும் அடியில் மெல்லிய ஆட்டுத்தோல் துண்டொன்றை வைத்து, துண்டுகளையெல்லாம் ஒரே நூலோட்டத்தில் கோத்துவிட்டார். செதில் செதிலோடு முட்டினாலும் மூச்சு விடாது. கோகுலன் பார்த்தால் வில்லங்கம் என்று, பூச்சுக் காயவில்லை என்று சாட்டுச் சொல்லிக் கடைசிவரை கொடுக்காமல் வைத்திருந்தார். நாடகத்தன்று பின்னேரம் நேராக மேடைக்குப் பின்னால் கொண்டுபோய் விதுசாவுக்குத் தன் கையாலேயே அணிவித்தார்.

விதுசா ஒருமுறை துள்ளிப் பார்த்தாள். பிறகு இன்னொருமுறை பலமாகத் துள்ளினாள். அவள் முகம் வாடிப் போனது. மேடைப் பயம் என்று நினைத்த மர்சூக், "நிறைகுடம் தளும்பாது மகள்" என்று தட்டிக்கொடுத்தார். எங்காவது தையல் விட்டால் உதவும் என்று ஊசியும் நூலும் தோல் வெட்டும் கத்தியும் இருந்த பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, முன்வரிசையில் இருந்த கோகுலனுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். கோகுலனுக்குப் பக்கத்தில் இருந்தவள்தான் அந்தப் பொல்லாத மனைவி என்று தெரிந்தது. இப்போது பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

பூதம் மேடைக்கு வந்தது. விளக்கு வெளிச்சத்தில் பச்சையும் பொன்னும் மின்ன, ஒரு சின்னச் சத்தமும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. சனம் கைதட்டியது. "இது மர்சூக் காக்காட கைதான்" என்று பின்னால் யாரோ சொன்னது அவர் காதில் தெளிவாக விழுந்தது. இத்தனை வருசத்துக்குப் பிறகு நெஞ்சு நிறைந்து, கண் கலங்கிவிட்டது அவருக்கு.

அப்போது முன்னால் இருந்த பெண் கணவன் பக்கம் சாய்ந்தாள்.

"ஏன் எல்லாரும் கை தட்டுறாங்க? நம்மட புள்ள வந்திட்டாளா?"

"வந்து ஆடிக்கொண்டுதானே நிக்கிறாள்" என்றான் கோகுலன்.

"செதில்ர சத்தம் ஒண்டும் கேக்கல்லயே. எந்தப் பக்கம் நிக்கிறாள்?"

கோகுலன் அவள் கையைத் தூக்கி, மகள் ஆடிய பக்கம் பிடித்துக் காட்டினான். அவள் முகம் கை போன திசைக்குத் திரும்பியது, ஆனால் அந்தக் கண்கள் எதையும் பார்க்கவில்லை.

பூதம் இன்னும் ஒரு காட்சிக்கு வர இருந்தது. மர்சூக் கத்தியை எடுத்துக்கொண்டு, செதில்களுக்கு அடியில் ஆட்டுத்தோலைக் கோத்த அந்த நூலை அறுத்தெறிய மேடைக்குப் பின்னால் ஓடினார்.