கேட்காமல் எடுத்தது

முதலில் வம்புக்கு வந்தவர் பேராசிரியர்தான். நகல் கடைக்காரர் அதை இன்றுவரை மறக்கவில்லை.

கடை பல்கலைக்கழக வாசலில். அன்று ஒரு மாணவி, ஃபோனில் எங்கிருந்தோ இறக்கிய புத்தகத்தை அச்செடுக்கக் கொடுத்திருந்தாள். பாதி ஓடும்போது பேராசிரியர் உள்ளே வந்தார். தாளைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இது நான் எழுதின புத்தகம்! என்னைக் கேட்காம எடுத்தா அதுக்குத் திருட்டுன்னு பேரு. நீர் திருடன்யா!"

கடை நிறைய கூட்டம். கடைக்காரருக்குச் சுருக்கென்றது.

"சார், மூணு பாடத்துக்கு முழுப் புத்தகத்தையும் தலையில கட்டினா, பிள்ளைங்க திருடாம என்ன செய்யும்? வேண்டிய பாடத்தை மட்டும் டீ விலைக்குக் கொடுத்துப் பாருங்க. எவன் திருடுறான்னு பார்ப்போம்!"

பேராசிரியர் விடுவிடுவென்று வெளியே போய்விட்டார்.

பிறகு பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டம். 'திருட்டு நகலை ஒழிப்போம்' என்ற பேனரை அடித்தது கடைக்காரர்தான். அதைக் கட்டிவிட்டுக் கதவோரம் நின்றார். மேடையில் பேராசிரியர்.

"மூணு பாடத்துக்கு முழுப் புத்தகத்தையும் தலையில கட்டினா, பிள்ளைங்க திருடாம என்ன செய்யும்?"

ஒரே கைதட்டல்.

"இனிமே வேண்டிய பாடம் மட்டும், டீ விலைக்கு, உங்க ஃபோனுக்கே வரும். பதிப்பகம் ஒத்துக்கிட்டாங்க. தாள்ல வேணும்னா வாசல் கடையில முறைப்படி அச்செடுத்துக்கலாம்."

துணைவேந்தர் எழுந்து வந்து கைகுலுக்கினார். "பிரமாதமான யோசனை சார் உங்களுது!"

பேராசிரியர் அடக்கமாகத் தலைகுனிந்துகொண்டார்.

இப்போது கடையில் இயந்திரம் ஓய்வதே இல்லை. திருட்டு நகலோடு யாரும் வருவதும் இல்லை.

"அதான் பிழைப்பு நல்லா ஓடுதே, இன்னும் என்னங்க கறுவிக்கிட்டு?" என்றாள் மனைவி.

"ஓடுது, சந்தோஷம். அது வேற, இது வேற."

நேற்று பேராசிரியரே வந்தார். "எப்படிப் போகுது?"

"உங்க புண்ணியத்துல குறைவில்ல சார்." கடைக்காரர் சிரித்தபடி தாள்களைத் தட்டி அடுக்கினார். "ஒரு சந்தேகம். அடுத்தவன் சொன்னதை அவனைக் கேட்காம எடுத்துக்கிட்டா, அதுக்கு என்னமோ பேரு சொன்னீங்களே?"

"திரு..." என்று ஆரம்பித்த பேராசிரியர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

மீதி வார்த்தை கடைக்காரருக்கு இன்னும் வந்து சேரவில்லை.