சன்னல் இல்லாத வண்டி

கண்ணாடி அலமாரியில் இருந்த பொம்மை டாங்கியை விட்டு ராக்கம்மாளால் கண்ணை எடுக்க முடியவில்லை.

தையல் மிஷினுக்கு ஊசி வாங்கத்தான் வாடிப்பட்டியிலிருந்து பஸ் ஏறிச் சிம்மக்கல்லுக்கு வந்திருந்தாள். வழியில் வெளிநாட்டுச் சாமான் கடை வாசலில், 'பட்டாள டாங்கி' என்று எழுதி வைத்திருந்த அட்டையைப் பார்த்துக் கால் நின்றுவிட்டது.

உள்ளங்கையில் அடங்கிவிடும் போலிருந்தது. சக்கரங்களைச் சுற்றி ஓடிய பட்டையில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகத் தெரிந்தது. கடுகைவிடச் சின்ன ஆணிகள்கூட இருந்தன.

கடைக்காரர் அழகுமலை அதை எடுத்து அவள் முன்னால் வைத்தார். பிளாஸ்டிக் துண்டுகளை அவரே ஒட்டிச் சேர்த்ததாம். இன்னும் ஒட்டாதவை, சின்னதும் பெரியதுமாக இரண்டு பெட்டிகள் இருந்தன.

"புதுசா ஒட்டுறவகளுக்கு இந்தச் சின்னப் பெட்டி போதும் தாயி. நாப்பது துண்டுதான். பெருசுக்குப் பொறுமை பத்தாது."

அவள் டாங்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அவள் புருஷன் முத்திருளன் பட்டாளத்திலிருந்து எழுதிய கடிதங்களில் 'வண்டி ஓட்டுகிறேன்' என்று மட்டும்தான் இருக்கும். அவள் லாரி என்றே நினைத்திருந்தாள். சன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு, முகத்தில் காற்று அடிக்க ஓட்டிக்கொண்டு போவார் என்று. பாலைவனத்துச் சண்டை முடிந்து அவரை வீட்டில் கொண்டுவந்து விட்ட சிப்பாய்தான் அது டாங்கி என்று சொன்னான். அப்போதும் அவளுக்கு அதன் உருவம் தெரியாது.

"டிரைவருக்குச் சன்னல் எங்கண்ணே இருக்கு?"

"சன்னலே கெடையாது. இந்தப் பொந்துக்குள்ள எறங்கி, மொடங்கி உக்காந்துதான் ஓட்டணும். சண்டையில மேல மூடியும் போட்டுக்கிருவாக."

அழகுமலை முன்பக்கத்து மூடியை நகத்தால் தூக்கிக் காட்டினார்.

குனிந்து பார்த்தாள். ஒரு புளியங்கொட்டை நுழையலாம். உள்ளே இருட்டு.

ஆறடி ஆள். லீவில் வந்தால் வீட்டு வாசல் நிலையில் தினமும் தலையை இடித்துக்கொண்டவர். இந்த இருட்டுக்குள் மடங்கி உட்கார்ந்து பாலைவனத்தைத் தாண்டியிருக்கிறார். ஒரு கடிதத்தில்கூடக் குறை சொன்னதில்லை. ஊரில் மழை உண்டா, பசு கன்று போட்டதா என்றுதான் கேட்டிருந்தார்.

அவள் மூடியைச் சாத்தி, மறுபடி திறந்தாள்.

"மூடி தொறக்குறது எந்தப் பெட்டிண்ணே?"

"பெருசுலதான் தாயி. முந்நூறு துண்டு இருக்கும்."

"அதையே குடுங்க."

ஊசி வாங்க மறந்தே போனது.

மதியம் வீட்டுக்கு வந்தபோது முத்திருளன் கட்டிலுக்கு அடியில், முழங்காலை மடக்கிச் சுருண்டிருந்தார். வந்த நாளாக, எட்டு மாதமாக அங்கேதான் படுக்கை, அங்கேதான் சாப்பாடு. வெளியே வரச் சொல்லித் தெருவே கேட்க அவள் அழுதிருக்கிறாள், ஏசியிருக்கிறாள்.

இன்று கூப்பிடவில்லை.

பெட்டியை முதலில் உள்ளே தள்ளினாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்தாள்.

"செத்தத் தள்ளிப் படுங்க," என்றாள். "நானும் வாரேன்."