தோற்ற வேட்பாளரின் மனைவி

புருஷன் தோற்றுவிட்டான் என்று ஓட்டு எண்ணும் இடத்தில் மைக்கில் சொன்னபோது, முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள முனிலட்சுமி படாதபாடு பட்டாள்.

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து, பக்கத்தில் நின்ற போலீஸ்காரம்மா முதுகைத் தடவிக் கொடுத்தார்.

ஜெயித்தது அண்ணாதுரை. ஓசூரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியின் முதலாளி. முனிலட்சுமிக்கும் அவள் புருஷன் பாலாஜிக்கும் அங்கேதான் வேலை. பாலாஜி யூனியன் செயலாளர் வேறு.

போன வருஷமே அண்ணாதுரை கர்நாடக எல்லை தாண்டி, தும்கூர் பக்கம் நிலம் வாங்கிவிட்டார். அங்கே சலுகை அதிகமாம். மெஷின்கள் லாரி ஏறினால் வார்டில் பாதி வீடுகளில் அடுப்பு எரியாது. கெஞ்சிப் பார்த்தார்கள், கேட் வாசலில் உட்கார்ந்து பார்த்தார்கள். மனுஷன் மசியவில்லை.

அப்போதுதான் அவருக்கு அரசியல் ஆசை பிடித்தது. இன்று கவுன்சிலர், நாளை எம்.எல்.ஏ. என்று கணக்கு. கட்சியில் சீட்டும் கிடைத்தது.

மறுநாளே பாலாஜி சுயேச்சையாக மனுப் போட்டான். கம்பெனியைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கா உங்கள் ஓட்டு என்று தெருத் தெருவாகக் கேட்டான்.

ஓட்டுப் போய்விடும் என்று அண்ணாதுரைக்குப் புரிந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் கூட்டினார். பிரஸ் மெஷின் மேல் சூடம் ஏற்றினார். தன்னை ஜெயிக்க வைத்தால் கம்பெனி இந்த மண்ணைவிட்டு ஓர் அடி நகராது என்று அதை அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார். அத்தனை பேர் போனும் அதைப் படம் பிடித்தது.

இப்போது கழுத்து மறைய மாலையோடு அவர் வெளியே வந்தார். சரவெடி காதைப் பிளந்தது. கம்பெனி ஆட்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அந்த உயரத்திலிருந்தே, தும்கூர் நிலத்தை விற்றுவிடச் சொல்லி போனில் கத்தினார்.

கூட்டம் ஆர்ப்பரித்தது. முனிலட்சுமிக்கு இப்போது நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

கீழே இறங்கியவர் கண்ணில் பாலாஜி பட்டான்.

"ஏப்பா பாலாஜி, உன் ஓட்டாச்சும் உனக்கு விழுந்துச்சா?"

"இல்லீங்க சார். நானே உங்களுக்குத்தான் குத்தினேன்."

நல்ல ஜோக் என்று அண்ணாதுரை விழுந்து விழுந்து சிரித்தார்.

பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? சத்தியம் செய்த அன்று சாயங்காலம் முதல், புருஷனுக்கு ஓட்டுக் கேட்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு முனிலட்சுமி வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒரு வீட்டில்கூட அவள் பாலாஜிக்குப் போடச் சொல்லவில்லை.