மூன்று காலைகள்

சாந்தியாகோ கடைத்தெருவின் வெயில் போன் கடைக் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. நியூயார்க்கிலிருந்து மகன் அனுப்பிய போன், அப்டேட் ஆனதும் உள்ளூர் சிம்மை ஏற்காமல் பூட்டிக்கொண்டுவிட்டது. வாழைக்காய் வறுத்த எண்ணெய் விரல்களோடு எல்பிடியா காத்து நிற்கிறாள். “அப்டேட் போடட்டுமான்னு போன் கேட்டுச்சு. மரியாதையா கேட்டா எப்படிடி மாட்டேங்கறது?” “உன்னாலதான்க்கா என் பொழப்பே ஓடுது” என்று சிரித்தபடி கடைக்காரி யாஹைரா திறவு எண்ணைத் தட்டுகிறாள். சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாய் எழுகின்றன. தினமும் வேலைக்குக் கிளம்புமுன் மகன் அனுப்பும் குரல்செய்திகள், மூன்று நாளாய்த் தேங்கியவை, வரிசையாக வருகின்றன. “ஆசீர்வாதம் குடும்மா.” “ஆசீர்வாதம்மா.” “அம்மா, எம்மேல கோபமா?” எல்பிடியா விரல்களைப் பாவாடையில் துடைத்துவிட்டு, போனை வாயருகே பிடித்து, “கடவுள் உன்னக் காப்பாத்தட்டும்டா” என்கிறாள், தனித்தனியாக மூன்று முறை. “ஒருதரம் போதாதாக்கா?” “மூணு நாளா வெறுங்கையோட வேலைக்குப் போயிருக்கான்டி.”