கீழே கேட்காத மேட்

எழுபது மணி நேரமாக மேல்வீட்டில் அடி விழுந்துகொண்டிருந்தது. வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி, விட்டுவிட்டு, ஞாயிறு மதியம் மூன்று வரை.

முதலில் 'டம்' என்று ஒன்று. பிறகு ஒரு பெண்ணின் குரல் கிளம்பிப் பாதியில் அறுந்துபோகும். கீழ்வீட்டு அனுசுயாவின் ஹாலில் சுவர்க் கடிகாரம் லேசாக ஆடும்.

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில் அந்த அடுக்குமாடிக்கு மேல்வீட்டுத் தம்பதி பிரவீன்ராஜும் ஜோதியும் வந்து இரண்டு மாதம்தான். லிஃப்டில் சிரித்ததோடு சரி. ஆனாலும் அனுசுயாவால் இனிப் பொறுக்க முடியவில்லை. பெண்கள் உதவி எண்ணைச் செல்போனில் தட்டி வைத்துக்கொண்டு மாடியேறினாள். அழைக்க வேண்டியதுதான் பாக்கி.

கதவைத் திறந்த பிரவீன்ராஜின் கையில் நீளமான இரும்புக் கம்பி இருந்தது. சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஜோதி எங்க?"

"உள்ளதான் இருக்கா. ஏங்க?"

"நான் அவங்களப் பாக்கணும். மூணு நாளா சத்தத்தக் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். இப்பப் பாக்கலன்னா போலீஸ் வரும்."

அவன் அவளையே பார்த்தான். பிறகு கம்பியைப் பார்த்தான். சிரிக்கத் தொடங்கினான்.

"ஐயோ மேடம், உள்ள வாங்க! ஜோதி, இங்க பாரு, என்னையப் புடிச்சுக் குடுக்க வந்திருக்காங்க!"

ஹாலில் சோபா சுவரோரம் தள்ளப்பட்டிருந்தது. கூரையிலிருந்து தரைவரை ஒரு திரை. அதில் பச்சைப் புல்வெளி. தரையில் வாசல் மிதியடி போல மெல்லிய மேட், அதன்மேல் வெள்ளைப் பந்து. ஜோதி ஓரத்தில் தெர்மகோல் துணுக்குகளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். இடது மணிக்கட்டில் கட்டு போட்டிருந்தாள்.

"கோல்ஃப் மேடம். இங்க அடிச்சா அங்க திரையில பறக்கும். வியாழக்கிழமைலேருந்து இதே வேலைதான். பாருங்க."

கையிலிருந்த கம்பிதான் கோல்ஃப் மட்டை. அதை ஓங்கி இறக்கினான். பந்து திரையில் மோதியது. மட்டை மேட்டில் இடித்து, அடியிலிருந்த டைல்ஸ் 'டம்' என்றது. அனுசுயாவின் உள்ளங்கால் அதிர்ந்தது.

"அப்ப... கத்தினது?"

"இவளும் பழகினா. மேட் மெல்லிசு பாருங்க, இடிச்ச வேகம் நேரா மணிக்கட்டுல ஏறிடுச்சு. சொல்லேன் ஜோதி."

"ஆமாங்க," என்றாள் ஜோதி.

அனுசுயாவுக்கு முகம் எரிந்தது. செல்போனில் எண்ணை அழித்தாள். "மன்னிச்சுக்குங்க. நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்."

"நல்லவேளை, நெனச்சதோட நின்னீங்க! மேட்ட மாத்தினா முடிஞ்சுது. நீங்களும் கடைக்கு வாங்களேன். கீழ இருந்து கேக்கறவங்களுக்குத்தானே தெரியும்?"

குற்ற உணர்வில் மறுக்க முடியவில்லை. காவிரிப் பாலத்தைத் தாண்டி, தில்லை நகரில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்கு மூன்று பேரும் போனார்கள். விற்பனையாளர் ஜெகபர் சாதிக் மூன்று மேட்களை விரித்துப் போட்டார். ஒன்று மெல்லிய ரப்பர். ஒன்று ஃபோம் வைத்தது. மூன்றாவது நான்கு விரல் கனம். தூக்க இரண்டு பேர் வேண்டும்.

முதல் மேட்டில் பிரவீன்ராஜ் மட்டையை ஓங்கினான். அடி பந்தின்மேல் விழவில்லை. கண்ணாடி அலமாரி கிடுகிடுத்தது. மறுபடி ஓங்கினான். மறுபடி. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இடத்தில் அடித்தான். செயற்கைப் புல் பிய்ந்து பறந்தது.

"சார், சார்! பந்த அடிங்க. மேட் என்ன பாவம் பண்ணுச்சு?" சாதிக் சிரித்துக்கொண்டே மட்டையை வாங்கிக்கொண்டார். "உங்களுக்கு எதும்மா புடிச்சிருக்கு?"

ஜோதி ரப்பர் மேட்டைக் காட்டினாள். "இதுவே போதும்."

"இவளுக்கு என்னங்க தெரியும்?" பிரவீன்ராஜ் அவள் முழங்கைக்கு மேலே பிடித்து ஓரமாக நகர்த்தினான்.

"அது வேணாம் ஜோதி," என்றாள் அனுசுயா. "உன் கைதான் போயிடும். எனக்கும் டம்டம்னு கேக்கும்."

"கேட்டா கேக்கட்டுங்க."

"மேடம், உங்க மேல அவங்களுக்கு என்ன கோவமோ!" என்றார் சாதிக். எல்லாரும் சிரித்தார்கள்.

கனமான மேட்டுக்குப் பக்கத்தில் அனுசுயா மண்டியிட்டு, தரையில் உள்ளங்கையை வைத்தாள். பிரவீன்ராஜ் முழு பலத்தோடு அடித்தான். தலையணையில் குத்தியது போல அடி உள்ளேயே அமுங்கிப்போனது. கையில் ஒன்றும் தெரியவில்லை.

"இதுதான்," என்றாள்.

"இதுக்கு அடியில ஃபோம் ஷீட்டும் போட்டுட்டா, ஆளையே தூக்கிப் போட்டாலும் கீழ கேக்காது," என்றார் சாதிக்.

"ஹால் முழுக்கப் போடற அளவுக்குக் குடுங்க."

"முழுக்கவா சார்? நிக்கற இடத்துக்குப் போதுமே."

"முழுக்க."

ஆண்கள் இருவரும் சாமான்களைக் காருக்குத் தூக்கிப் போனார்கள். பெண்கள் கடை வாசலில் நின்றார்கள்.

"மூணு நாளா தூங்கல ஜோதி," என்றாள் அனுசுயா. "எவளோ ஒருத்தி சாகறா, நான் படுத்துக் கெடக்கறேன்னு நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. இன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்கப்போறேன்."

ஜோதி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேட் கார் டிக்கியில் அடங்கவில்லை. பிரவீன்ராஜ் அதை முஷ்டியால் குத்திக் குத்தி உள்ளே திணித்துக்கொண்டிருந்தான்.

அவள் திரும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"அக்கா, அந்த கோல்ஃப் பெட்டி வந்ததே இன்னைக்குக் காலையிலதான்."