ஓரக்கண் மச்சம்

டாக்டர் விளக்கை அணைத்தார். "கண் வெள்ளையில இப்படி மச்சம் வர்றது அபூர்வம். ரொம்ப வருஷமா மாறாம இருந்தா பயமில்லை. புதுசுன்னா வெட்டியெடுத்துப் பார்க்கணும். கண்ணை ஒரு பக்கமா திருப்பினாத்தான் இது தெரியுது. நீங்க அப்படி ஓரக்கண்ணால பார்க்கற பழைய போட்டோ ஏதாவது இருக்கா?"

கணவன் முந்திக்கொண்டான். "எல்லாத்துலயும் நேராத்தான் பார்ப்பேன் டாக்டர்."

மனைவி கைப்பையிலிருந்து தங்கள் கல்யாணப் போட்டோ ஒன்றை எடுத்து நீட்டினாள். அவன் என்றோ கிழித்தெறிந்தது. துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி வைத்திருந்தாள்.

டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "அன்னிக்கும் இதே அளவுதான். ஆபரேஷன் வேண்டாம்."

அவனுக்குப் போன உயிர் திரும்பியது. "நல்லவேளை, பத்திரமா வச்சிருந்தே!"

"என் பக்கம் பார்த்திருந்தா மச்சம் மறைஞ்சிருக்கும்," என்றாள் மனைவி நிதானமாக. "உங்களைக் காப்பாத்தினது அந்தப் பக்கம் நின்ன என் தோழிதான். போன் போடறேன், நீங்களே நன்றி சொல்லுங்க."